இங்கிலாந்துல ஒரு பழைய சந்தை ஊர்ல ஒரே ஒரு நாள் ரெஸ்ட், ரிச்மண்ட்ல என்ன செய்யலாம்?

திங்கள்நகர் தம்பி

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு திங்கள்சந்தை, வேலை லீட்ஸ்ல, இப்ப லீவுக்கு வந்துருக்கேன். வெளிய எடவப்பாதி மழை விடாம ஊத்துது, திண்ணைல சாயாவும் பழம்பொரியுமா இருந்து டைப் பண்ணுதேன், தப்பு தவறு இருந்தா பொறுத்துக்கிடுங்க.

விஷயம் இதுதான். அங்க கோஸ்ட் டு கோஸ்ட்னு ஒரு நடைப்பாதை இருக்கு. மேக்குக் கடல்ல செயின்ட் பீஸ்ல தொடங்கி கெழக்குக் கடல்ல ராபின் ஹூட்ஸ் பேன்னு ஒரு ஊர்ல போய் முடியும், 190 மைல் பக்கம், நம்ம கணக்குல 300 கிலோமீட்டருக்கு மேல. ஆபீஸ்ல நாலு பேரு சேந்து ஜூலைல போறோம். தொடங்குற கடல்ல பூட்ஸ நனைச்சிட்டு, ஒரு கூழாங்கல்ல பொறுக்கி பாக்கெட்டுல போட்டு, முடியுற கடல்ல கொண்டு போடணும்னு ஒரு வழக்கமும் இருக்கு. இத எனக்க அம்மாட்ட சொன்னேன். "கன்னியாகுமரில நின்னா ரெண்டு பக்கத்துக் கடலும் ஒரே எடத்துல தெரியும், அதுக்கு எதுக்குல இத்தன தூரம் நடக்கணும்"னு கேட்டா. பதில் இல்ல எனக்கிட்ட.

நடுவுல ஒரு நாள் ரெஸ்ட். அது ரிச்மண்ட்னு ஒரு ஊர்ல, லண்டன் பக்கத்துல உள்ளது இல்ல, வடக்க யார்க்‌ஷயர்ல உள்ளது. கூட வாற மூணு பேருக்கும் அன்னைக்கு பப்புல இருக்கணும்ங்குறதுதான் பிளான். நான் குடிக்கிறது இல்ல. போன வாரம் பழக்கத்துக்கு மருத்துவாழ்மலை ஏறி எறங்குனதுக்கே குதிகால்ல கொப்புளம் வந்துட்டு, அதனால ரொம்ப நடக்கவும் வேண்டாம், ஆனா ரூம்லயே கெடக்கவும் மனசு இல்ல. இப்ப உள்ள பிளான்படி ரெஸ்ட் நாள் ஞாயித்துக்கெழமை வருது. என்ன பாக்கலாம், என்ன சாப்பிடலாம்?

இன்னொண்ணு, எங்க பாத்தாலும் "ஹிஸ்டாரிக் மார்க்கெட் டவுன்"னு போட்டுருக்கான். நம்ம ஊருக்குப் பேரே திங்கள்சந்தைதான, இங்க எவனும் கேமராவோட வந்து எறங்கலியே. அங்க அப்பிடி என்னதான் இருக்கு?

வடசேரி வம்பன்

ஏ மக்கா, ரெஸ்ட் நாள்ல ஊரு சுத்துனா அதுக்குப் பேரு ரெஸ்ட் இல்ல, ஓவர்டைம். ஒரே ஒரு சந்தேகம், அந்தச் சந்தைல மீன் உண்டுமா? மீன் இல்லன்னா அத சந்தைன்னு நான் ஒத்துக்கிட மாட்டேன், கனகமூலம் சந்தைக்காரன் சொல்லுதேன்.

கருங்கல் அக்கா

தம்பி, நான் டார்லிங்டன்ல 9 வருஷம் நர்ஸா இருந்தேன், ரிச்மண்ட் அங்கன இருந்து பஸ் ஏறுனா முக்கால் மணி நேரத்துக்குள்ள போயிரலாம், எனக்க ஆஃப் நாள் பாதி அங்கனதான் போச்சி. மொதல்ல ஒண்ணு சொல்லுதேன், அந்த ஞாயித்துக்கெழமைய மாத்து. வெளிய கடை போடுற சந்தை அங்க சனிக்கெழமைதான். ஒரு நாள் முன்னாடியே நடைய தொடங்கிரு இல்லன்னா நடுவுல ரெண்டு சின்ன நாள ஒண்ணாக்கு, எப்பிடியாவது சனிக்கெழமை அங்க இருக்குற மாதிரி பண்ணு. ஞாயித்துக்கெழமைன்னா அந்த நாட்டுல பெரிய கடையெல்லாம் சட்டப்படி 6 மணி நேரந்தான் தொறக்கலாம், சின்னக் கடை அவனவன் இஷ்டம். சந்தை ஊருக்கு சந்தை இல்லாத நாள்ல போறது கோயிலுக்கு நடை சாத்துன பெறவு போற மாதிரி.

சந்தை கூடுற எடம் ஊருக்கு நட்ட நடுவுல, சரிவா, வட்டமா, பூரா கல்லு பாவுன தரை, இங்கிலாந்துலயே பெரிய கல்லுபாவுன சந்தைத் திடல்ல அதும் ஒண்ணு. பாக்க அம்புட்டு அழகு, ஆனா கொப்புளம் உள்ள காலுக்கு அது ஒரு தண்டனை, மெத்துன்னு உள்ள செருப்பு ஒண்ணு பையில வச்சிக்கோ. நடுவுல ஒரு பழைய கோயில் நிக்கும், ஹோலி டிரினிட்டின்னு பேரு. அந்தக் கோயில் செவுத்தோட ஒட்டியே கடைங்க கட்டியிருப்பான், எனக்கு மொத தடவ பாத்தப்ப ஒரே ஆச்சரியம், நம்ம ஊர்ல சபையில இப்பிடி யாராவது கேட்டா என்ன சண்டை வரும்! இப்ப உள்ளுக்குள்ள ஆராதனை கெடையாது, கிரீன் ஹவர்ட்ஸ்னு அந்தப் பக்கத்துப் பட்டாள ரெஜிமெண்டோட மியூசியம். ஆனா மணி மட்டும் இன்னும் அடிக்கும், காலைல 8 மணி, ராத்திரி 8 மணி. பழைய காலத்துல வேலை கத்துக்கிட வந்த பையங்களுக்கு அடிச்ச மணியாம் அது.

ரயில் அங்க 1846ல வந்துட்டு 1969ல நிறுத்திட்டான். ஸ்டேஷன் கட்டடத்த இடிக்காம, 2007ல இருந்து அது சினிமா, சாயாக்கடை, ரொட்டி சுடுறவன், படம் மாட்டுற கேலரின்னு ஓடுது. உனக்க காலுக்கு அதான் சரியான எடம். நான் நைட் டியூட்டி முடிஞ்சி நேரா அங்க போயி ஒரு சாயா வாங்கி வச்சிட்டு அப்பிடியே ஒறங்கிருக்கேன், ஒருத்தரும் எழுப்பல, சாயா மட்டும் ஆறிப் போச்சி.

சாப்பாடு: யார்க்‌ஷயர்ல மீனு பொரிக்குறது நெறைய கடைல மாட்டுக் கொழுப்புல, அதான் அவங்களுக்கு ருசி. உனக்கு ஆகும்னா ஆகும், ஆகாதுன்னா எந்த எண்ணைன்னு கேட்டுட்டு வாங்கு, கேட்டா ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. மீனு ஹேடக் வாங்கு, அங்க உள்ளவங்க காட்னு உள்ள மீன விட அதத்தான் விரும்புவாங்க. இந்தியன் ரெஸ்டாரன்ட்னு போர்டு பாத்து ஓடாத, அந்த நாட்டுல அதுல பெரும்பாலும் வங்கதேசத்து சில்ஹெட்காரங்க நடத்துறது, சோறு கெடைக்கும், நம்ம ருசி கெடைக்காது. ஒரு ஊர்ல ஒரு கடைல (எதுன்னு சொல்லல) கறின்னு சொல்லி உலந்த முந்திரி (கிஸ்மிஸ்) போட்ட இனிப்புக் கொழம்பு ஒண்ணு தந்தான், இன்னும் நாக்குல நிக்குது. நம்ம பருப்புப்பொடி ஒரு பொட்டலம் கொண்டு போ.

குலசேகரம் ரப்பர்

நான் அந்த நடை முழுசா நடந்தவன், அதனால அக்கா சொன்னதுல கொஞ்சம் மறுத்துச் சொல்லுதேன். அக்கா ஆஃப் நாள்ல பஸ்ல போயி எறங்குனவங்க, நீ அதுக்குள்ள லேக் டிஸ்ட்ரிக்ட் மலையும் பெனைன்ஸும் ஏறி எறங்கி சேறுல கால் புதைஞ்சி வந்திருப்ப. ரிச்மண்ட்ல காலைல ஒன்பது மணி வரைக்கும் எந்திரிக்காத. மொத வேலை துணி. தங்குற வீட்டம்மாட்ட கேளு, தொவைச்சித் தருவாங்களான்னு. ரெண்டாவது மருந்துக் கடை, கொப்புளத்துக்கு ஒட்டுற தடிச்ச பிளாஸ்டர் வாங்கு, அந்த வழில அதுதான் பெரிய ஊரு, இதுக்குப் பெறவு கடைசி வரைக்கும் சின்னச் சின்ன கிராமந்தான். மூணாவது, மறுநாள் எவ்வளவு தூரம்னு பாத்தியா? நெறைய பேரு ரிச்மண்ட்ல இருந்து இங்கிள்பி கிராஸ் வரைக்கும் ஒரே நாள்ல போவாங்க, 23 மைல், முழுக்க வயலும் ரோடும், மேடு பள்ளம் இல்லாததனாலயே கால் செத்துரும். அதனால கோட்டை கோபுரத்துல ஏறுறதெல்லாம் வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

ஈஸ்பி அபேக்கு (பழைய கிறிஸ்தவத் துறவிமடம்) மட்டும் போ. ஆத்தங்கரை வழியா ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூட, மரத்தடி, சமதரை. மறுநாள் நடையோட சேத்துப் பாத்துக்கிடலாம்னு நெனைக்காத, பாதை ஆத்துக்குத் தெக்க போகும், அபே வடகரைல. போகும்போது வடகரை வழியா போயிட்டு, பழைய ரயில் பாலத்துல ஆத்தக் கடந்து தண்டவாளம் கெடந்த பாதை வழியா அக்கா சொன்ன ஸ்டேஷனுக்கே வந்து சேந்துரலாம். பால்ச்சாயா குடிச்சிட்டு படு.

தக்கலை வாத்தியார்

மகள் நியூகாசிலில் இருந்தபோது மூணு மாசம் போய் இருந்தேன், அப்போ ரெண்டு தடவை ரிச்மண்ட் போனேன். தம்பி கேட்ட "அப்பிடி என்னதான் இருக்கு" என்கிறதுக்குப் பதில் சொல்லணும்னு தோணுது, நீளமாப் போனா மன்னிக்கணும், 34 வருஷம் வகுப்பு எடுத்த பழக்கம்.

அங்கே சந்தை என்பது நினைச்ச இடத்தில் கூடுறது இல்லை. ராஜாவோ பிரபுவோ பட்டயம் தரணும், இன்ன கிழமை என்று அதில் இருக்கும், சந்தையில் வசூலாகிற வரி அவருக்கு. 13ஆம் நூற்றாண்டில் பிராக்டன் என்று ஒரு நீதிபதி, அவர் பேரில் வழங்குற சட்ட நூலில் ஒரு கணக்கு சொல்லியிருக்கு. ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு 20 மைல் நடப்பான். அதை மூணாப் பிரி. ஒரு பங்கு சந்தைக்குப் போக, ஒரு பங்கு நேரம் வாங்கவும் விற்கவும், ஒரு பங்கு இருட்டுறதுக்குள்ள வீடு திரும்ப. அதனால ஒரு சந்தைக்கு ஆறே முக்கால் மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்துக்குள்ள இன்னொரு சந்தை வந்தால் பழைய சந்தைக்கு இடைஞ்சல்னு வழக்குப் போடலாம். எனக்கு இதைப் படிச்சதும் நம்ம ஊர்தான் ஞாபகம் வந்தது. தக்கலை, திங்கள்சந்தை, கருங்கல், மார்த்தாண்டம், எல்லாம் தலைச்சுமையோட போயிட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்புற தூரம்தானே. வழியில சுமைதாங்கிக் கல்லு நிக்குதே, அதை யாருக்கு நட்டாங்க? திங்கள்கிழமை கூடுற சந்தைன்னு ஊருக்கே பேரு வைக்கிற அளவுக்கு இங்கேயும் கிழமைதான் முக்கியம். அவன் பழைய கட்டடத்தை இடிக்காம வச்சிருக்கான், கூடவே ஒரு போர்டும் வச்சிருக்கான், நாம ரெண்டும் செய்யலை, அவ்வளவுதான்.

கோட்டையை ரப்பர் தம்பி வேண்டாம்னு சொல்றார், எனக்கு அது சம்மதமில்லை. கோபுரம் ஏறவேண்டாம், உள்ளே போய் உட்காரலாமே. 1066ல இங்கிலாந்தைப் பிடிச்ச நார்மன் ராஜா, வடக்கே கலகம் வந்தப்போ 1069, 70ல அந்த நாட்டையே எரிச்சி அழிச்சான். அதுக்குப் பிறகு அந்த நிலத்தைத் தன்கூட வந்த பிரிட்டனி நாட்டு ஆலன் ரூஃபஸுக்குக் கொடுத்தான். ஆலன் 1071 வாக்கில ஸ்வேல் ஆத்துக்கு மேல ஒரு பாறை விளிம்பில கோட்டை கட்ட ஆரம்பிச்சான். உயரமான கோபுரம் அதுக்கு அடுத்த நூற்றாண்டில வந்தது, 100 அடி இருக்கும். ரிச்மண்ட் என்கிற பேரும் பிரெஞ்சுதான், நார்மண்டியில உள்ள ஒரு ஊர்ப் பேரு. தம்பி சொன்ன லண்டன் ரிச்மண்ட் இருக்கே, அதுக்கு இந்த ரிச்மண்டுல இருந்துதான் பேரு போச்சு. ரிச்மண்ட் பிரபுவா இருந்த ஏழாம் ஹென்றி ராஜாவானதும் ஷீன் என்கிற இடத்துக்குத் தன் பட்டத்தை வச்சான். நம்ம கல்குளம் பத்மநாபபுரம் ஆன மாதிரி.

சுரங்கக் கதையும் உண்டு. கோட்டையில இருந்து ஈஸ்பி அபே வரைக்கும் சுரங்கம் இருக்குன்னு, பட்டாளக்காரங்க ஒரு கொட்டு அடிக்கிற சின்னப் பையனை உள்ளே அனுப்பி, மேலே நின்னு கொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே பின்னாடி நடந்தாங்களாம். பாதி வழியில சத்தம் நின்னுபோச்சு. பையன் வரவே இல்லை. அந்த இடத்தில ஒரு கல்லு நட்டிருக்கு, ஆத்தங்கரைப் பாதையில போகும்போது பார்க்கலாம். நம்ம அரண்மனையில இருந்து சாரோட்டு கொட்டாரத்துக்குச் சுரங்கம்னு சொல்றோம்ல, கோட்டை இருந்தா சுரங்கம் சொல்லாம எந்த ஊரும் இருக்காது போல.

ஆனா நான் அங்கே அதிக நேரம் நின்னது வேற ஒரு விஷயத்துக்கு. 1916ல, முதல் உலகப் போர்ல, ஆளைக் கொல்ல மாட்டேன், அதுக்கு உதவியா எந்த வேலையும் செய்ய மாட்டேன்னு சொன்ன 16 பேரை அந்தக் கோட்டைச் சிறையில அடைச்சாங்க. குவேக்கர், மெதடிஸ்ட் சபைக்காரங்க, சோஷலிஸ்ட்னு பலதரப்பட்டவங்க, ஒருத்தர் பந்து விளையாடுறவர். கட்டாயமா பிரான்ஸுக்குக் கொண்டுபோய், அங்கே மரண தண்டனைன்னு படிச்சாங்க. கொஞ்சம் நிறுத்தி, அதை 10 வருஷக் கடுங்காவலா மாத்தினதாப் படிச்சாங்க. அந்த இடைவெளியை நினைச்சுப் பாருங்க. சிறைச் சுவர்ல பென்சில்ல எழுதினதும் வரைஞ்சதும் இன்னும் இருக்கு, சுவர் உதிர்றதால உள்ளே சாதாரணமா விடுறது இல்லை. கோட்டைத் தோட்டத்தில 16 பேருக்காக யூன்னு ஒரு ஜாதி மரம் 16 கத்தரிச்சி விட்டு வளர்த்திருக்காங்க. அங்கே ஒரு பெஞ்சில இரு.

நேரம் இருந்தா ஜார்ஜியன் தியேட்டர். 1788ல கட்டினது, ரொம்பச் சின்னது, கொஞ்சம் பேர்தான் இருக்கலாம். நடுவில நூறு வருஷத்துக்கு மேல மூடி, ஏலக் கடையாவும் சாராயக் கிட்டங்கியாவும் கிடந்து, 1963ல திரும்பத் திறந்தது. மாடியில மலிவு டிக்கெட்காரங்க நாடகம் பிடிக்கலைன்னா காலால உதைக்கிற பலகைகூட இருக்கு. நம்ம ஒழுகினசேரி என்.எஸ்.கிருஷ்ணன் நாடகக் கொட்டகையில தின்பண்டம் வித்துத்தானே மேடைக்கு வந்தார், எனக்கு அங்கே அவர் நினைப்புதான்.

வடசேரி வம்பன்

சாரே எல்லாம் செரி, மீனு உண்டா இல்லியா?

திங்கள்நகர் தம்பி

அக்கா, அண்ணே, சார், எல்லாருக்கும் நன்றி. சனிக்கெழமைக்கு மாத்தச் சொல்லி கூட்டாளிகளுக்கு மெசேஜ் போட்டாச்சி. பப்பு எந்தக் கெழமையும் தொறந்துதான் இருக்கும்னு ஒத்துக்கிட்டானுவ. சுமைதாங்கின்னு சார் சொன்னதும் எனக்க பாட்டி ஞாபகம் வந்துட்டு, மரச்சீனிக் கெழங்கு கொட்டையோட (அதான் ஓலக்கொட்டை) தலைல வச்சி திங்கக்கெழம தோறும் சந்தைக்கு நடந்தவ. போயிட்டு வந்து எழுதுதேன்.

திங்கள்நகர் தம்பி

ரெண்டு மாசம் கழிச்சி எழுதுதேன், கோவிக்காதிய. நடை முடிஞ்சி, கால் நகம் ரெண்டு போச்சி, மத்தபடி கொள்ளாம்.

வெள்ளிக்கெழம சாயங்காலம் ரீத்துல இருந்து நடந்து ரிச்மண்ட் வந்து சேந்தோம். சந்தைத் திடல்ல பழைய சிலுவைக்குப் பதிலா 1771ல வச்ச உயரமான ஒரு கல்தூண் நிக்குது, அதுக்க படிலதான் மொதல்ல முதுகுப் பைய எறக்கி வச்சேன், தோளுக்கு வந்த அந்த சொகத்துல தக்கலை சாருக்குத்தான் மனசுல கும்பிடு போட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு மணி அடிச்சிது. ஆனா வெயிலு இருக்கு! ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம், எப்ப ஒறங்கணும்னே தெரியல.

மறுநாள் குலசேகரம் அண்ணன் சொன்ன மாதிரி ஒன்பதுக்குத்தான் எந்திரிச்சேன். துணி அந்த வீட்டம்மா வாங்கிக்கிட்டாங்க. சந்தைன்னா நம்ம சந்தை மாதிரி நெரிசலும் கூச்சலும் எதிர்பாத்து போனா ஏமாந்துருவிய, கொஞ்சம் கடைங்க, கோடு போட்ட துணிப் பந்தல், பாலாடைக்கட்டி, பூச்செடி, ரொட்டி, நாய்க்குப் பிஸ்கட்டு. வென்ஸ்லிடேல் சீஸ்னு ஒண்ணு பக்கத்துப் பள்ளத்தாக்குல உண்டாக்குறது, அத கேக்கு கூட வச்சி தின்னுவாங்க, ஒரு தாத்தா வெட்டித் தந்தாரு, கேக்கும் சீஸுமான்னு முகத்த சுழிச்சேன், தின்ன பெறவு கால் கிலோ வாங்குனேன். வம்பா, ஒனக்கு சொல்லுதேன், மீன் வண்டி ஒண்ணு நின்னுச்சி. ஐஸ்ல தோலுரிச்சி முள்ளெடுத்து அடுக்கி வச்சிருக்கான், தலை ஒண்ணு கூட காணல, கொழம்புக்கு தலை எங்கன்னு கேக்க வாய் வந்துட்டு, அடக்கிக்கிட்டேன்.

பத்தரைக்கு கோட்டை. டவர்ல ஏறணும்னுதான் போனேன், மூணு படி ஏறுனதும் குதிகால் வேண்டாம்னு சொல்லிட்டு. பெஞ்சில இருந்தேன், அந்த 16 மரத்துக்கு முன்ன. சார், நீங்க சொல்லாம இருந்தா அத ஏதோ தோட்டத்து அலங்காரம்னு நெனைச்சிட்டு போட்டோ எடுத்துட்டு போயிருப்பேன். போட்டோ எடுக்கல. அவங்களுக்கும் என்ன விட வயசு கம்மியாத்தான இருந்திருக்கும். ஒரு மணி நேரம் அங்கயே இருந்துட்டேன்.

பெறவு மழை வந்துட்டு. ஈஸ்பிக்கு நனைஞ்சிக்கிட்டே போனேன், அந்த கொட்டுக்காரப் பையன் கல்லையும் பாத்தேன். அபே 1152ல தொடங்குனதாம், எட்டாம் ஹென்றி காலத்துல மூடி கூரை போயி இப்ப செவுரும் சன்னலுமா நிக்குது, டிக்கெட் கெடையாது. யாரும் சொல்லாத ஒண்ணு, பக்கத்துலயே ஒரு சின்னக் கோயில், உள்ள 13ஆம் நூற்றாண்டு சுவர்ப்படம், ஏவாளும் ஆதாமும் ஒரு பக்கம்னா இன்னொரு பக்கம் வெதைக்குறவன், மண்ணு கிண்டுறவன். மழைக்கு ஒதுங்குன எடத்துல இப்பிடி. திருநந்திக்கரை குகைல மங்கிப்போன படத்த பாத்தப்ப வந்த அதே மாதிரி ஒண்ணு தொண்டைல.

தியேட்டருக்கு போகல, நேரம் இல்ல. ஸ்டேஷன்ல சாயா குடிச்சி அக்கா மாதிரியே ஒறங்கிட்டேன், சாயாவும் ஆறிட்டு. ராத்திரி கூட்டாளிங்க தங்குற எடத்துல தீ வெளிச்சத்துல பருப்புப்பொடியும் பாக்கெட் சோறும், அதுல ஒரு வெள்ளக்காரன் ரெண்டாவது தடவ கேட்டு வாங்குனான். மறுநாள் 23 மைல பத்தி எழுத மாட்டேன், அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை.

குலசேகரம் ரப்பர்

கல்லு கடல்ல போட்டியா?

திங்கள்நகர் தம்பி

போட்டேன் அண்ணே. அம்மாட்ட வீடியோல காட்டுனேன். அடுத்த வருஷம் அங்க கூட்டிட்டு போறேன், ரிச்மண்டுக்கு பஸ்லயே போலாம், நடக்கண்டாம்னு சொன்னேன். கோட்டை, கோயில் ஒண்ணும் கேக்கல. "அந்தச் சந்தைல பேரம் பேசலாமா"ன்னு ஒரே கேள்வி.

கருங்கல் அக்கா

பேரம் நடக்காது தம்பி, போட்ட வெலைதான். ஆனா அங்க உள்ள சந்தைல பழம் காய்கறிய கிண்ணத்துல அள்ளி வச்சி ஒரு கிண்ணம் இத்தன பவுண்டுன்னு விக்கிறவங்க உண்டு. கடை கட்டுற நேரமாப் பாத்து அம்மாவ கூட்டிட்டு போயி சும்மா முன்னால நிறுத்து. ஒரு கிண்ணம் வெலைக்கு ரெண்டு கிண்ணம் அவனே தருவான்.